கருவறைக்குள் ஒரு ரத்த தானம்: தவறவிட்ட ஊசியின் விலை

புது தில்லி: பிறந்த குழந்தைக்கு ரத்தம் ஏற்றுவதை அனைவரும் அறிவர். இன்னும் பிறக்காத குழந்தைக்கு, தாயின் வயிற்றில் இருக்கும்போதே ரத்தம் ஏற்றி உயிரைக் காக்க முடியும் என்பதைப் பலரும் அறிந்திருக்க மாட்டார்கள். தலைநகரில் உள்ள அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் (எய்ம்ஸ்) இந்தச் சிகிச்சை பல ஆண்டுகளாக அளிக்கப்பட்டு வருகிறது. உத்தரப் பிரதேசம், பிகார், ஹரியாணா, ராஜஸ்தான் எனப் பல மாநிலங்களிலிருந்தும் கர்ப்பிணிகள் இதற்காக இங்கே அனுப்பி வைக்கப்படுகின்றனர்.

அவர்களில் பலர் முதல் முறையாகத் தாயாகப் போகிறவர்கள் அல்லர். ஒன்றிரண்டு குழந்தைகளை வயிற்றிலேயோ, பிறந்த சில நாள்களிலோ பறிகொடுத்துவிட்டு வருகிறவர்களே மிகுதி. ஏன் இறந்தன என்பதற்கான காரணம் பெரும்பாலும் ரத்தப் பிரிவில் இருக்கிறது. அந்தக் காரணத்தைத் தொடக்கத்திலேயே தடுத்துவிடும் ஊசி மருந்து, 1968-ம் ஆண்டிலிருந்து உலகில் பயன்பாட்டில் உள்ளது.

கருவறைக்குள் ரத்தம் ஏற்றுவது மருத்துவத்தின் அரிய சாதனை என்பதில் ஐயமில்லை. ஆனால், அந்தச் சிகிச்சை தேவைப்படும் நிலை ஏன் உருவாகிறது என்று கேட்டால், விடை பொது சுகாதாரத்தின் வாசலுக்கு நம்மை இட்டுச் செல்கிறது.

ஜப்பானிலிருந்து வந்த ரத்தம்

2024-ம் ஆண்டில் எய்ம்ஸ் மருத்துவமனையில் அளிக்கப்பட்ட ஒரு சிகிச்சை நாடு முழுவதும் பேசப்பட்டது. ஹரியாணாவைச் சேர்ந்த ஏழைக் குடும்பத்துப் பெண் ஒருவர், முந்தைய கர்ப்பங்களில் மீண்டும் மீண்டும் இழப்பைச் சந்தித்த பின், எட்டாவது முறையாகக் கருவுற்றிருந்தார். கருவில் இருந்த குழந்தைக்குக் கடுமையான ரத்தசோகை. ரத்தம் ஏற்றினால்தான் பிழைக்கும் என்ற நிலை.

பொதுவாக இத்தகைய குழந்தைகளுக்கு "ஓ நெகட்டிவ்" ரத்தம் ஏற்றப்படும். இந்தப் பெண்ணின் விஷயத்தில் அதுவும் பயன்படாது என்று தெரிய வந்தது. ஆர்.எச். குடும்பத்தைச் சேர்ந்த கூறுகள் பல உண்டு. அவற்றில் "டி" என்பது மட்டுமே "பாசிட்டிவ்", "நெகட்டிவ்" என்று நாம் வழக்கில் குறிப்பிடுவது. இந்தப் பெண்ணின் ரத்தத்தில் மற்றவர்கள் அனைவருக்கும் இருக்கும் வேறு சில ஆர்.எச். கூறுகள் இல்லை. அக்கூறுகள் உள்ள எந்த ரத்தத்தையும் அவரது உடல் பகையாகக் கருதி எதிர்ப்பொருளை உருவாக்கியிருந்தது. சாதாரண "ஓ நெகட்டிவ்" ரத்தத்திலும் அக்கூறுகள் உண்டு என்பதால் அதை ஏற்றினால் அழிந்துபோகும்.

இதே அரிய வகை ரத்தம் உள்ள ஒருவரிடமிருந்துதான் ரத்தம் பெற வேண்டும். உள்நாட்டில் அது கிடைக்காத நிலையில், ஜப்பான் செஞ்சிலுவைச் சங்கத்தின் உதவியோடு நான்கு யூனிட் ரத்தம் விமானம் மூலம் தில்லிக்கு வந்தது. கருவறையில் இருந்த குழந்தைக்குப் பல தவணைகளில் அது ஏற்றப்பட்டது. குழந்தை உயிருடன் பிறந்தது.

இது அரிதினும் அரிதான நேர்வு. நாள்தோறும் இந்த மருத்துவமனைக்கு வந்து சேரும் மற்றக் கர்ப்பிணிகளின் கதை இவ்வளவு அரிதானதல்ல; அதனால்தான் அது செய்தியாவதும் இல்லை.

தாயின் ரத்தமே பகையாகும்போது

சிவப்பணுக்களின் மேற்பரப்பில் "டி" என்ற கூறு இருந்தால் அவர் ஆர்.எச். பாசிட்டிவ், இல்லாவிட்டால் ஆர்.எச். நெகட்டிவ். ஐரோப்பியர்களில் ஏறக்குறைய 15 சதவீதம் பேர் ஆர்.எச். நெகட்டிவ். இந்தியாவில் இது சுமார் 5 சதவீதம்.

நெகட்டிவ் வகைத் தாய்க்கும் பாசிட்டிவ் வகைத் தந்தைக்கும் உருவாகும் குழந்தை பாசிட்டிவாக இருக்க வாய்ப்பு அதிகம். கர்ப்ப காலத்தில் தாயின் ரத்தமும் குழந்தையின் ரத்தமும் நேரடியாகக் கலப்பதில்லை. நஞ்சுக்கொடி அவற்றைப் பிரித்து வைக்கிறது. ஆனால், பிரசவத்தின்போது குழந்தையின் ரத்தம் சிறிதளவு தாயின் உடலுக்குள் சென்றுவிடும். கருச்சிதைவு, கருக்குழாயில் கரு தங்குதல், வயிற்றில் அடிபடுதல் ஆகியவற்றாலும் இது நிகழலாம்.

தன்னிடம் இல்லாத "டி" கூற்றைக் கண்டதும் தாயின் நோய் எதிர்ப்பு அமைப்பு விழித்துக் கொள்கிறது. எதிர்ப்பொருளை உருவாக்குகிறது. அதற்குள் முதல் குழந்தை பெரும்பாலும் நலமாகப் பிறந்துவிடும். ஆபத்து, அடுத்த குழந்தைக்குத்தான்.

இரண்டாவது குழந்தையும் பாசிட்டிவாக இருந்தால், தாயின் ரத்தத்தில் ஏற்கெனவே காத்திருக்கும் எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடியைத் தாண்டிச் சென்று குழந்தையின் சிவப்பணுக்களைத் தாக்கி அழிக்கிறது. நோய்க் கிருமிகளிடமிருந்து குழந்தையைக் காப்பதற்காகத் தாயிடமிருந்து எதிர்ப்பொருள்கள் செல்லும் இயற்கையான பாதை அது. அதே பாதையில் அழிவும் செல்கிறது.

சிவப்பணுக்கள் குறையக் குறையக் குழந்தையின் இதயம் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கிறது. ஒரு கட்டத்தில் அது தளர்ந்துபோகிறது. குழந்தையின் வயிற்றிலும், நுரையீரலைச் சுற்றியும், தோலுக்கு அடியிலும் நீர் கோத்துக் கொள்கிறது. இந்நிலையில் கவனிக்காமல் விட்டால் குழந்தை வயிற்றிலேயே இறந்துவிடும். தப்பிப் பிறந்தாலும், சிதைந்த சிவப்பணுக்களிலிருந்து வெளியாகும் பிலிருபின் என்ற நிறமி கடும் மஞ்சள் காமாலையை உண்டாக்கும். அது மூளையைத் தாக்கினால், செவித்திறன் இழப்பும் கை கால் இயக்கக் குறைபாடும் வாழ்நாள் முழுவதும் தொடரும்.

ஒவ்வொரு கர்ப்பத்திலும் இந்தத் தாக்குதல் பெரும்பாலும் முந்தையதைவிடக் கடுமையாகவும் முன்கூட்டியும் நிகழ்கிறது. அடுத்தடுத்துக் குழந்தைகளை இழக்கும் பெண்ணின் மீது குடும்பத்திலும் ஊரிலும் பழி விழுகிறது. தாயிடம் நோய் எதுவும் இல்லை, ரத்தப் பிரிவு பொருந்தாததே காரணம் என்பதை எடுத்துச் சொல்ல அங்கே பெரும்பாலும் எவரும் இல்லை.

எல்லா ரத்தசோகையும் ஒன்றல்ல

இந்தியாவில் ரத்தசோகை என்றதும் நினைவுக்கு வருவது கர்ப்பிணிகளின் இரும்புச் சத்துக் குறைபாடு. 2019-21-ம் ஆண்டுகளில் நடத்தப்பட்ட ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வின்படி, நாட்டில் கர்ப்பிணிகளில் 52 சதவீதம் பேருக்கு ரத்தசோகை உள்ளது. இதை எதிர்கொள்ள, "ரத்தசோகை இல்லா இந்தியா" இயக்கத்தை 2018-ம் ஆண்டில் மத்திய அரசு தொடங்கியது.

ஆனால், தாயின் ரத்தசோகை வேறு. கருவின் கடும் ரத்தசோகை வேறு. தாயிடம் இரும்புச் சத்து குறைவாக இருந்தாலும், நஞ்சுக்கொடி தனக்கு வேண்டியதைத் தாயிடமிருந்து ஈர்த்துக் குழந்தைக்குக் கொடுத்துவிடும். மாறாக, தாயின் ஹீமோகுளோபின் அளவு சிறப்பாக இருக்கும்போதே, வயிற்றில் உள்ள குழந்தையின் ரத்தம் அழிந்துகொண்டிருக்கலாம். மாத்திரைகளால் இதைச் சரிசெய்ய முடியாது.

கருவின் ரத்தசோகைக்கு ஆர்.எச். முரண்பாடு மட்டுமே காரணம் அல்ல. "கெல்" போன்ற வேறு ரத்தக் கூறுகளுக்கு எதிராகவும் தாயின் உடல் எதிர்ப்பொருளை உருவாக்கலாம். பார்வோ பி-19 என்ற வைரஸ் தாயைத் தொற்றினால், கருவில் சிவப்பணு உற்பத்தியே நின்றுபோகலாம். நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தையின் ரத்தம் தாயின் உடலுக்குள் பெருமளவில் கசிவதும், தலசீமியாவின் கடுமையான வடிவம் ஒன்றும் பிற காரணங்கள். எனினும், முழுமையாகத் தடுக்கக்கூடிய காரணம் ஆர்.எச். முரண்பாடுதான்.

ஆக்லாந்தில் தொடங்கிய முயற்சி

கருவில் உள்ள குழந்தையையும் ஒரு நோயாளியாகக் கருதிச் சிகிச்சை அளிக்கலாம் என்ற எண்ணத்துக்கு வடிவம் கொடுத்தவர் நியூஸிலாந்தைச் சேர்ந்த வில்லியம் லைலி. ஆக்லாந்தில் உள்ள தேசிய மகளிர் மருத்துவமனையில் 1963-ம் ஆண்டில் அவர் செய்த சிகிச்சையே இத்துறையின் முதல் வெற்றி. அல்ட்ரா சவுண்ட் ஸ்கேன் பயன்பாட்டுக்கு வராத காலம் அது. எக்ஸ்ரே படங்களின் துணையுடன் தாயின் வயிற்றின் வழியாக ஊசியைச் செலுத்தி, குழந்தையின் வயிற்றறைக்குள் ரத்தத்தை விட்டார். அங்கிருந்து சிவப்பணுக்கள் மெல்ல மெல்லக் குழந்தையின் ரத்த ஓட்டத்தில் கலந்தன. அவரது தொடக்க முயற்சிகள் தோல்வியில் முடிந்த பின்னரே இந்த வெற்றி கிட்டியது.

நீர் கோத்துக்கொண்ட குழந்தைகளுக்கு இம்முறை அவ்வளவாகப் பயன்படவில்லை. 1980-களின் தொடக்கத்தில் லண்டன், கோபன்ஹேகன், பாரீஸ் நகரங்களின் மருத்துவர்கள் அடுத்த படியைக் கடந்தனர். ரத்தத்தை நேரடியாகக் குழந்தையின் ரத்தக் குழாய்க்குள் செலுத்தும் முறை வந்தது. ஸ்கேன் திரையில் பார்த்துக்கொண்டே தொப்புள்கொடியில் ஊசியைச் செலுத்தும் வழிமுறை, உலகெங்கும் இன்று பின்பற்றப்படுகிறது.

நோயைக் கண்டறிவதிலும் ஒரு திருப்பம் ஏற்பட்டது. முன்பெல்லாம் பனிக்குட நீரை ஊசியால் எடுத்துப் பரிசோதித்துத்தான் ரத்தசோகையின் கடுமையைக் கணித்தனர். அந்தப் பரிசோதனையே சில வேளைகளில் ஆபத்தை உண்டாக்கியது. ஜியான்கார்லோ மாரி தலைமையிலான மருத்துவர் குழு 2000-ம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, ஊசியே இல்லாத வழியைக் காட்டியது. ரத்தத்தில் சிவப்பணுக்கள் குறைந்தால் அதன் அடர்த்தி குறையும், ஓட்டம் வேகமெடுக்கும். கருவின் மூளைக்குச் செல்லும் நடுப் பெருமூளைத் தமனியில் ரத்தம் பாயும் வேகத்தை டாப்ளர் ஸ்கேன் மூலம் அளந்தால், கடும் ரத்தசோகையை அறிந்துவிடலாம் என்று அந்த ஆய்வு நிறுவியது. அந்தக் கர்ப்ப வாரத்துக்குரிய நடுமதிப்பைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் வேகம் இருந்தால், குழந்தைக்கு ரத்தம் தேவைப்படலாம் என்று பொருள்.

ஊசிமுனையில் ஓர் உயிர்

பொதுவாகக் கர்ப்பத்தின் 18-வது வாரத்துக்கும் 35-வது வாரத்துக்கும் இடையில் இந்தச் சிகிச்சை அளிக்கப்படுகிறது. அதற்குப் பிறகு, குழந்தையை வெளியே எடுத்துச் சிகிச்சை அளிப்பதே பாதுகாப்பானது.

ஏற்றப்படும் ரத்தத்தைத் தயாரிப்பதே தனிப் பணி. அது "ஓ நெகட்டிவ்" ஆகவோ குழந்தைக்குப் பொருந்தும் நெகட்டிவ் ரத்தமாகவோ இருக்க வேண்டும். தாயின் ரத்தத்தோடு ஒப்பிட்டுப் பொருத்தம் பார்க்கப்பட வேண்டும். சில நாள்களுக்கு முன் எடுக்கப்பட்ட புதிய ரத்தமாக இருத்தல் அவசியம். வெள்ளணுக்கள் வடிகட்டப்பட்டு, எஞ்சியவையும் பெருகாதபடி கதிர்வீச்சுக்கு உட்படுத்தப்படும். குழந்தையின் சிறிய உடலில் நீர்ச்சுமை கூடாமல் இருக்க, சிவப்பணுக்கள் மிகச் செறிவாக அமையும்படி ரத்தம் அடர்த்தியாக்கப்படும். இந்தியர்களில் "ஓ நெகட்டிவ்" பிரிவினர் சுமார் 2 சதவீதமே என்பதை நினைவில் கொண்டால், ரத்த வங்கியின் பங்கு எத்தகையது என்பது புரியும்.

சிகிச்சையின்போது தாய் விழித்திருக்கிறார். ஊசி செல்லும் இடம் மட்டும் மரத்துப் போகச் செய்யப்படுகிறது. ஸ்கேன் திரையில் பார்த்தபடியே, தொப்புள்கொடி நஞ்சுக்கொடியோடு சேரும் இடத்தில் உள்ள சிரையை மருத்துவர் ஊசியால் எட்டுகிறார். சில மில்லி மீட்டர் அகலமே உள்ள குழாய் அது. குழந்தையின் கல்லீரலுக்குள் செல்லும் சிரையும் சில நேரங்களில் தேர்ந்தெடுக்கப்படுவது உண்டு. குழந்தை அசைந்தால் ஊசி விலகிவிடும் என்பதால், அதன் தசைகளைச் சிறிது நேரம் தளர்த்தும் மருந்து செலுத்தப்படுகிறது.

முதலில் குழந்தையின் ரத்தம் சிறிதளவு எடுக்கப்பட்டு அங்கேயே பரிசோதிக்கப்படுகிறது. ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு 30 சதவீதத்துக்குக் கீழே சென்றிருந்தால் ரத்தம் ஏற்றப்படுகிறது. குழந்தையின் எடை, கர்ப்ப வாரம், ரத்தசோகையின் கடுமை ஆகியவற்றைக் கொண்டு அளவு கணக்கிடப்படுகிறது. பெரும்பாலும் அது சில பத்து மில்லி லிட்டர்தான். ஒரு டம்ளர் தண்ணீரைவிடக் குறைவான அந்த ரத்தம், குழந்தையின் மொத்த ரத்த ஓட்டத்தையே மாற்றிவிடுகிறது. குழந்தையின் இதயத் துடிப்பு தொடக்கம் முதல் இறுதி வரை கண்காணிக்கப்படுகிறது.

அனுபவம் மிக்க மையங்களில் இந்தக் குழந்தைகளில் 90 சதவீதத்துக்கு மேற்பட்டோர் உயிர் பிழைக்கின்றனர். நெதர்லாந்தின் லைடன் நகரில் இச்சிகிச்சை பெற்றுப் பிறந்த 291 குழந்தைகளைப் பின்தொடர்ந்து 2012-ம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆய்வில், நரம்பு வளர்ச்சிக் குறைபாடு 4.8 சதவீதம் பேரிடம் மட்டுமே காணப்பட்டது. நீர் கோத்துக்கொண்ட பின் சிகிச்சைக்கு வந்த குழந்தைகளுக்கே ஆபத்து அதிகம் என்பதும் தெரிய வந்தது. அதாவது, எவ்வளவு சீக்கிரம் கண்டறியப்படுகிறதோ அவ்வளவு நல்லது.

மூன்று வாரத்துக்கு ஒரு பயணம்

இச்சிகிச்சை ஒரு முறையோடு முடிவதில்லை. ஏற்றப்பட்ட நெகட்டிவ் சிவப்பணுக்களைத் தாயின் எதிர்ப்பொருள் தாக்குவதில்லை. ஆனால், அவை தமக்குரிய ஆயுளின்படி குறைந்துகொண்டே வரும். குழந்தையோ நாள்தோறும் வளர்ந்துகொண்டிருக்கும். எனவே, இரண்டு அல்லது மூன்று வாரங்களுக்கு ஒரு முறை மீண்டும் ரத்தம் ஏற்ற வேண்டும். கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே ரத்தசோகை ஏற்பட்ட குழந்தைக்கு ஐந்து, ஆறு முறை வரை தேவைப்படலாம்.

ஒரு சிற்றூரிலிருந்து வரும் குடும்பத்துக்கு இதன் பொருள் என்ன? நிறைமாதத்தை நெருங்கும் பெண்ணுடன் இரவு ரயிலில் முன்பதிவு இல்லாத பெட்டியில் பயணம். கணவரின் தினக்கூலி இழப்பு. எய்ம்ஸ் வளாகத்தைச் சுற்றியுள்ள தர்மசாலைகளிலும் இரவுக் காப்பகங்களிலும், இடம் கிடைக்காவிட்டால் நடைபாதையிலும் தங்கல். அரசு மருத்துவமனையில் சிகிச்சைக் கட்டணம் குறைவு என்றாலும், மருத்துவமனைக்கு வெளியே ஆகும் செலவை எவரும் ஏற்பதில்லை. இடையில் ஒரு தவணை தவறினால், அதுவரை பட்ட பாடெல்லாம் வீணாகிவிடும்.

தில்லிக்கு வெளியே இச்சிகிச்சை இல்லாமல் இல்லை. சண்டீகரில் உள்ள முதுநிலை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிறுவனம், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆகியவற்றிலும், பெருநகரங்களின் தனியார் கரு மருத்துவ மையங்கள் சிலவற்றிலும் இது அளிக்கப்படுகிறது. ஆனால், சிறந்த ரத்த வங்கி, கதிர்வீச்சுக் கருவி, கைதேர்ந்த கரு மருத்துவர், பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு ஆகிய நான்கும் ஒரே கூரையின் கீழ் இருந்தால்தான் இது சாத்தியம். அப்படிப்பட்ட மையங்கள் நாட்டின் பரப்புக்கு மிகக் குறைவு. 2012-ம் ஆண்டு முதல் பாட்னா, போபால், ஜோத்பூர், புவனேசுவரம், ராய்ப்பூர், ரிஷிகேஷ் ஆகிய நகரங்களில் எய்ம்ஸ் நிறுவனங்கள் தொடங்கப்பட்டதன் நோக்கமே, நோயாளிகள் தில்லிக்கு அலைவதைக் குறைப்பதுதான். கரு மருத்துவத்திலும் அந்த நோக்கம் முழுமையாக நிறைவேற வேண்டும்.

ஓர் ஊசி போதும்

இத்தனை பாடும் எதற்காக? "ஆன்டி-டி" என்ற ஊசி மருந்து உரிய நேரத்தில் போடப்படாததால்.

ஆர்.எச். நெகட்டிவ் தாய்க்குப் பாசிட்டிவ் குழந்தை பிறந்த 72 மணி நேரத்துக்குள் இந்த ஊசியைப் போட வேண்டும். தாயின் உடலுக்குள் சென்ற குழந்தையின் சிவப்பணுக்களை, நோய் எதிர்ப்பு அமைப்பு இனம் காணும் முன்பே இம்மருந்து அகற்றிவிடுகிறது. கர்ப்பத்தின் 28-வது வாரத்திலும் ஒரு தவணை போட்டால் பாதுகாப்பு இன்னும் கூடுகிறது.

நியூயார்க்கிலும் லிவர்பூலிலும் இயங்கிய இரு மருத்துவர் குழுக்கள் தனித்தனியே நடத்திய ஆய்வுகளின் விளைவு இது. ஊசி போடாவிட்டால், பாசிட்டிவ் குழந்தையைப் பெறும் நெகட்டிவ் தாய்மார்களில் 16 சதவீதம் பேர் வரை எதிர்ப்பொருளை உருவாக்கக்கூடும். பிரசவத்துக்குப் பின் ஊசி போட்டால் இது 1 முதல் 2 சதவீதமாகக் குறைகிறது. கர்ப்ப காலத்திலும் சேர்த்துப் போட்டால் ஆயிரத்தில் ஓரிருவர், மூவர் என்ற அளவுக்குச் சரிந்துவிடுகிறது.

இம்மருந்தின் பின்னே மனிதநேயக் கதை ஒன்றும் உண்டு. ஆன்டி-டி மருந்து, அந்த எதிர்ப்பொருள் உள்ளவர்களின் பிளாஸ்மாவிலிருந்து தயாரிக்கப்படுகிறது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹாரிசன், வயது வரம்பு காரணமாக 2018-ம் ஆண்டில் நிறுத்தும் வரை 1,173 முறை ரத்தமும் பிளாஸ்மாவும் தானம் செய்தார். அவரது கொடையால் 24 லட்சம் குழந்தைகள் பயனடைந்தனர் என்று அந்நாட்டின் செஞ்சிலுவைச் சங்கம் மதிப்பிட்டது. 2025-ம் ஆண்டு பிப்ரவரியில் அவர் காலமானார். இன்று கொடையாளர்களை மட்டுமே நம்பியிருக்க வேண்டியதில்லை. ஆய்வகத்தில் உயிரணு வளர்ப்பு முறையில் இம்மருந்தைத் தயாரிக்கும் தொழில்நுட்பம் இந்திய நிறுவனத்திடமே உள்ளது.

ஆனால், ஒரு நிபந்தனை. எதிர்ப்பொருள் உருவான பிறகு இந்த ஊசியால் பயனில்லை. கதவு ஒரு முறை மூடிவிட்டால் மூடியதுதான். முதல் பிரசவத்திலோ, முதல் கருச்சிதைவிலோ தவறவிட்ட அந்த ஓர் ஊசிக்கு, பிறகு வரும் ஒவ்வொரு கர்ப்பத்திலும் விலை கொடுக்க நேரிடுகிறது.

திட்டங்கள் உண்டு, இடைவெளியும் உண்டு

ஆண்டுக்கு 2 கோடிக்கு மேற்பட்ட குழந்தைகள் பிறக்கும் நாடு இது. அவர்களைப் பெறும் தாய்மார்களில் 5 சதவீதம் பேர் ஆர்.எச். நெகட்டிவ் என்று கொண்டாலே, ஆண்டுதோறும் 10 லட்சம் பெண்கள் இந்த வட்டத்துக்குள் வருகின்றனர்.

அரசுத் திட்டங்களுக்குக் குறைவில்லை. மருத்துவமனைப் பிரசவத்தை ஊக்குவிக்கும் ஜனனி சுரக்ஷா திட்டம் 2005-ம் ஆண்டில் வந்தது. அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்கு மருந்து, பரிசோதனை, ரத்தம், போக்குவரத்து ஆகியவற்றை இலவசமாக வழங்கும் ஜனனி சிசு சுரக்ஷா திட்டம் 2011-ம் ஆண்டில் தொடங்கியது. ஒவ்வொரு மாதமும் 9-ம் தேதி கர்ப்பிணிகளுக்கு மருத்துவரின் பரிசோதனையை உறுதி செய்யும் பிரதமரின் பாதுகாப்பான தாய்மைத் திட்டம் 2016-ம் ஆண்டிலிருந்து நடைமுறையில் உள்ளது. ஆன்டி-டி மருந்து அத்தியாவசிய மருந்துகளின் தேசியப் பட்டியலிலும் இடம்பெற்றுள்ளது.

ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வின்படி, பிரசவங்களில் 88.6 சதவீதம் மருத்துவ நிலையங்களில் நிகழ்கின்றன. இது பெரும் முன்னேற்றம். ஆனால், கர்ப்ப காலத்தில் குறைந்தது நான்கு முறை பரிசோதனைக்குச் சென்ற தாய்மார்கள் 58 சதவீதம் பேரே. உத்தரப் பிரதேசத்தில் இது 42 சதவீதம். பிகாரில் 25 சதவீதம். தில்லி எய்ம்ஸ் வாசலில் காத்திருப்பவர்களில் பலர் எந்த மாநிலங்களிலிருந்து வருகிறார்கள் என்பதற்கு இந்தப் புள்ளிவிவரமே ஒரு விளக்கம்.

பிரசவத்துக்கு மட்டும் மருத்துவமனைக்கு வரும் பெண்ணின் ரத்தப் பிரிவு, வலியோடு வந்து சேரும்போதுதான் தெரிய வருகிறது. குழந்தையின் ரத்தப் பிரிவைப் பரிசோதித்து, 72 மணி நேரத்துக்குள் ஊசி போட வேண்டும். பிரசவம் முடிந்த ஓரிரு நாள்களிலேயே வீடு திரும்பும் பெண்ணுக்கு அந்த நேரம் மிகக் குறுகியது. மருந்து கையிருப்பில் இல்லை என்று வெளியே வாங்கி வரச் சொன்னால், அதன் விலை ஏழைக் குடும்பத்தின் பல நாள் கூலி. "முதல் குழந்தை நன்றாகத்தானே இருக்கிறது" என்று எண்ணிக் குடும்பம் அதைத் தள்ளிப்போடுவதில் வியப்பில்லை. விளைவு கண்ணுக்குத் தெரிய ஓரிரு ஆண்டுகள் ஆகும்.

மருத்துவமனைக்கு வெளியே நிகழும் கருச்சிதைவுகளும் கருக்கலைப்புகளும் கணக்கிலேயே வருவதில்லை. அந்தப் பெண்களின் ரத்தப் பிரிவைக் கேட்பவர் எவரும் இல்லை.

இது இந்தியாவின் குறை மட்டுமல்ல. உலக அளவில் ஆன்டி-டி தேவைப்படும் பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது கிடைப்பதில்லை என்று 2020-ம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. விழிப்புணர்வு இன்மை, மருந்து கிடைக்காமை, விலை ஆகிய மூன்றையும் அது காரணங்களாகக் குறிப்பிட்டது.

வளர்ந்த நாடுகள் இதற்கு அடுத்த கட்டத்துக்குச் சென்றுவிட்டன. தாயின் ரத்தத்தில் மிதக்கும் கருவின் மரபணுத் துணுக்குகளைக் கொண்டு, குழந்தை பாசிட்டிவா நெகட்டிவா என்பதைக் கர்ப்பத்தின்போதே அறியும் பரிசோதனையை டென்மார்க் 2010-ம் ஆண்டிலும், நெதர்லாந்து 2011-ம் ஆண்டிலும் தேசியத் திட்டத்தில் சேர்த்தன. எதிர்ப்பொருள் உருவாகிவிட்ட தாய்மார்களுக்கும் நம்பிக்கை தெரிகிறது. எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடியைத் தாண்டாமல் தடுக்கும் நிபோகலிமாப் என்ற மருந்தின் இரண்டாம் கட்ட ஆய்வு முடிவு 2024-ம் ஆண்டில் வெளியானது. ஆபத்து மிகுந்த 13 கர்ப்பிணிகளில் 7 பேர், கருவறை ரத்தம் தேவைப்படாமலே 32 வாரங்களைக் கடந்து குழந்தை பெற்றனர். இது இன்னும் ஆய்வு நிலையில்தான் உள்ளது. பழைய, எளிய ஊசியே எல்லாருக்கும் கிடைக்காத நாட்டில், புதிய மருந்து எவருக்குக் கிடைக்கும் என்ற கேள்வியும் உடன் எழுகிறது.

செய்ய வேண்டியவை

முதல் பரிசோதனையிலேயே ஒவ்வொரு கர்ப்பிணியின் ரத்தப் பிரிவும் கண்டறியப்பட்டு, தாய்-சேய் நல அட்டையில் எழுதப்பட வேண்டும். நெகட்டிவ் எனத் தெரிந்தால் கணவரின் ரத்தப் பிரிவையும் பரிசோதிக்க வேண்டும். எதிர்ப்பொருள் உள்ளதா என்று காட்டும் மறைமுக கூம்ப்ஸ் பரிசோதனை, மாவட்ட மருத்துவமனை அளவிலாவது இலவசமாகக் கிடைக்க வேண்டும்.

பிரசவம் நடைபெறும் ஒவ்வோர் அரசு நிலையத்திலும் ஆன்டி-டி மருந்து குளிர்சாதனப் பெட்டியில் இருப்பதை மாநில அரசுகள் உறுதி செய்ய வேண்டும். பட்டியலில் இருப்பதும் கையிருப்பில் இருப்பதும் ஒன்றல்ல. எத்தனை நெகட்டிவ் தாய்மார்கள் பிரசவித்தனர், அவர்களில் எத்தனை பேருக்கு ஊசி போடப்பட்டது என்ற இரண்டு எண்களை மாவட்டம்தோறும் வெளியிட்டாலே, குறை எங்கே என்பது தெரிந்துவிடும். மக்கள் பிரதிநிதிகள் சட்டப்பேரவைகளிலும் நாடாளுமன்றத்திலும் கேட்க வேண்டிய எண்கள் இவை.

எதிர்ப்பொருள் உருவாகிவிட்ட பெண்களைக் காலம் தாழ்த்தாமல் உரிய மையத்துக்கு அனுப்பும் ஏற்பாடும் தேவை. டாப்ளர் ஸ்கேனில் கருவின் ரத்த ஓட்ட வேகத்தை அளக்கும் பயிற்சியை மாவட்ட அளவிலான மருத்துவர்களுக்கு அளித்தால், நீர் கோத்துக்கொள்ளும் முன்பே குழந்தைகளைக் கண்டறியலாம். சிகிச்சைக்காகத் திரும்பத் திரும்பப் பயணம் செய்யும் குடும்பங்களுக்குப் பயணப்படியும் தங்குமிடமும் வழங்குவது, சிகிச்சையின் ஒரு பகுதியாகவே கருதப்பட வேண்டும்.

அரிய ரத்தப் பிரிவினரின் பதிவேடும் விரிவாக வேண்டும். "பம்பாய் ரத்தப் பிரிவு" என்று உலகம் அழைக்கும் அரிய வகையை 1952-ம் ஆண்டில் கண்டறிந்து உலகுக்கு அறிவித்தவர்கள் இந்திய மருத்துவர்கள். மும்பையில் உள்ள தேசிய ரத்த நோய் எதிர்ப்பியல் நிறுவனம் அரிய கொடையாளர்களின் பதிவேட்டைப் பராமரிக்கிறது. பல லட்சம் பேர் ரத்த தானம் செய்யும் நாட்டில், அரிய வகையினரைத் தேடிக் கண்டறிந்து பதிவு செய்தால், அடுத்த முறை ஜப்பானைக் கேட்க வேண்டிய தேவை எழாமல் இருக்கக்கூடும்.

கருவறைக்குள் ரத்தம் ஏற்றும் மருத்துவர்களின் திறமை போற்றத்தக்கது. அந்த மையங்கள் பெருக வேண்டும், ஆர்.எச். அல்லாத காரணங்களால் ரத்தசோகைக்கு ஆளாகும் குழந்தைகளுக்கு அவை என்றும் தேவைப்படும். ஆனால், ஆர்.எச். முரண்பாட்டுக்காக அங்கே வந்து சேரும் தாய்மார்களின் எண்ணிக்கை ஆண்டுதோறும் குறைய வேண்டும். தில்லியின் மருத்துவமனையில் ஆறு முறை ஊசிமுனையில் ஊசலாடும் உயிரை, ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் குளிர்சாதனப் பெட்டியில் இருக்கும் சிறு மருந்துக் குப்பி காத்துவிடும். அந்தக் குப்பி அங்கே இருக்கிறதா என்பதுதான் கேள்வி.